பட்டைக்கு மேலே ஒரு வளையம்

இண்டூர்
9-2-1983

அன்புள்ள தம்பி ஞானராஜுக்கு,

இங்கே நலம், அங்கே நலமா என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. மழை இல்லை, கிணற்றில் தவளைகூட இல்லை, ஊர் எல்லையில் யானை நிற்கிறது. இதில் எந்த நலத்தை எழுதுவது?

முதலில் நல்ல சேதி. நீ கண்டக்டர் பெரியண்ணனிடம் கொடுத்தனுப்பிய பொட்டலம் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. பத்துத் தோட்டாவும் பத்திரம். உன் மாமா ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீமையிலருந்து வந்தாப்பல இருக்குது புள்ள, யாரு அடைச்சது?" என்றார். சேலத்தில் ரிட்டையர் ஆன மிலிட்டரிக்காரர் ஒருவர் என்று சொன்னேன். பொய்தான், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். உன் பேரைச் சொல்லியிருந்தால் பத்தையும் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டிருப்பார்.

நம் அம்மாவின் முப்பதாம் நாள் பூசையன்று நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அந்த ரைபிள வித்துத் தொலைங்க மாமா, அதுக்குத் தோட்டாவும் கெடைக்காது, உங்களுக்கு வயசும் ஆகுது" என்று பந்தியில் வைத்தா சொல்வது? அவரும் விட்டாரா? "யானைக்கு முன்னாடி நின்னு பாத்திருக்கியாடா? எண்ணெத்துணி புடிக்கற பயலுக்குப் பேச்சப் பாரு. உங்கையால பச்சத் தண்ணி வாங்கிக் குடிச்சாலும் நான் சின்னப்பன் இல்ல" என்றார். மூன்று வருஷம் ஆகிவிட்டது. கட்டினவருக்கும் கூடப் பிறந்தவனுக்கும் நடுவில் நான்தான் அம்மியில் அகப்பட்ட மிளகாயாக இருக்கிறேன்.

யானை விஷயம் இதுதான். தண்ணீர் இல்லாமல் பென்னாகரம் காட்டிலிருந்து தனியாக வந்துவிட்ட மோழை அது. தந்தம் இல்லை, குணமும் இல்லை. இரண்டு பேரைக் கொன்றுவிட்டது. சுடுவதற்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வரப்போகிறது என்று ரேஞ்சர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பக்கத்தில் யானையைச் சாய்க்கிற ரைபிள் உன் மாமாவிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர் அப்பாவுக்கு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து இந்த வீட்டுக்கு அதனால்தானே மரியாதை! வத்தல்மலைக் கரியன் வழக்கம்போல யானையின் காலடித் தடம் பார்த்துக் கூட்டிப்போக ஒத்துக்கொண்டார். கையில் தோட்டா இல்லையே என்றுதான் உன் மாமா நாலு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இப்போது சிரிக்கிறார்.

மருந்து அடைக்க நான் அனுப்பின பழைய தோட்டாக்கூடுகள் புதுசு மாதிரி இருந்தன என்று எழுதியிருந்தாய். இருக்காதா பின்னே! எத்தனை தடவை சுட்ட கூடுகளோ, பத்தும் கரி பிடித்துப் பார்க்கச் சகிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கோயில் மெழுகுத்திரித் தண்டுகளை நாங்கள் நாலு பேர் விளக்கினோம். அதே புளிக்கரைசலில் இவற்றையும் ஊறப் போட்டு, செங்கல் பொடி வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தேன். சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார். பெங்களூர் துப்பாக்கிப் பட்டறைக்குப் போகிற சாமான், என் தம்பி மானம் போகக் கூடாது பார்.

உன் அக்கா
ராஜமேரி

*

பெங்களூர்
13-2-1983

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. பட்டறையில் நின்றபடியே படித்தேன். புளி என்ற இடம் வந்ததும் அந்த வரியை மறுபடி படித்தேன். பத்தையுமா விளக்கினாய்? செங்கல் பொடி போட்டா?

உனக்குப் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். கோபப்படாமல் படி.

மாமாவின் ரைபிளுக்கான தோட்டாக்கூடு மற்றவை மாதிரி இல்லை. பழைய கூடுகளுக்கு அடியில் விளிம்பு இருக்கும். அது குழாயின் வாயில் தட்டி நிற்கும். ஐந்தாறு தோட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற ரைபிளில் விளிம்போடு விளிம்பு மாட்டிக்கொள்ளும். அதனால் இதைச் செய்தவர்கள் விளிம்பை எடுத்துவிட்டு, அடிப்பக்கம் இடுப்பில் அரைஞாண் கட்டின மாதிரி ஒரு பட்டை வைத்தார்கள். ரைபிளின் உள்ளே ஒரு படி வெட்டியிருக்கும். பட்டை அந்தப் படியில் உட்கார்ந்ததும் கூடு நின்றுவிடும். பார்த்தால் பட்டை கூட்டுக்குப் பலம் கொடுக்கிற மாதிரித் தோன்றும். மாமாகூட அப்படித்தான் நினைப்பார். அது பலத்துக்கு இல்லை அக்கா. நிறுத்துவதற்கு மட்டும்தான்.

பட்டைதான் நிறுத்துகிறதே என்று அதற்கு முன்னால் உள்ள இடத்தைக் கொஞ்சம் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். வெடிக்கும்போது பித்தளை அந்த இடத்தை நிரப்ப முன்னால் நீளும். மறுபடி மருந்து அடைக்கும்போது அச்சில் வைத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவோம். அடுத்த வெடியில் மறுபடி நீளும். நீளுகிற பித்தளை எங்கிருந்து வருகிறது? பட்டைக்குச் சற்று மேலே இருந்துதான். அங்கே உள்பக்கம் மெலிந்துகொண்டே போய் ஒரு நாள் கூடு இரண்டாகப் பிய்ந்துவிடும்.

பிய்வதற்கு முன்னால் ஒரே ஒரு அடையாளம் காட்டும். பட்டைக்கு மேலே வெளிப்பக்கம், நூல் சுற்றின அளவுக்குப் பளபளவென்று ஒரு வளையம். கறுத்த பித்தளையில் அது பளிச்சென்று தெரியும். தெரிந்தால் கூட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். நான் பத்தையும் விளக்கின்கீழ் உருட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. எப்படித் தெரியும்? நீதான் எல்லாவற்றையும் ஒரே பளபளப்பாக ஆக்கி அனுப்பியிருக்கிறாயே!

மாமா அவற்றைச் சுடக் கூடாது. எப்படியாவது எடுத்து ஒளித்து வை. நானே வந்து வாங்கிக்கொள்வேன், ஆனால் முதலாளி லீவு தரமாட்டார். காரணமும் சொல்ல முடியாது. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா அடைத்தேன் என்று தெரிந்தால் வேலை போவது மட்டுமில்லை, உள்ளே தள்ளிவிடுவார்கள். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

ஞானராஜ்

*

இண்டூர்
19-2-1983

தம்பி,

ஆக, குற்றம் என் பேரில். பாத்திரம் விளக்கினது பாவம். இனி இந்த வீட்டில் ஒரு சொம்பைக்கூடத் தேய்க்க மாட்டேன், போதுமா? அடையாளம் இருக்கும், விளக்காதே என்று முன்னாலேயே ஒரு வரி எழுதினால் உன் பேனா முள் உடைந்துவிடுமா?

இப்படித் திட்டி எழுதினால் பயம் கொஞ்சம் அடங்கும் என்று பார்த்தேன். அடங்கவில்லை.

தோட்டாக்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டிச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை. சாம்பல் புதனன்று எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தபோது தலைவலி என்று வீட்டில் தங்கி, ஒரு ஆணியை வைத்துப் பூட்டை நெம்பிப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அவர் வந்து பார்த்துவிட்டு "என்னாச்சு கையி?" என்றார். கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றேன். மஞ்சள் அரைத்து அவரே கட்டிவிட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? உன் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டேன் என்று சபையில் சொன்ன மனுஷரின் பெட்டியில் உன் கையால் அடைத்த தோட்டாவைப் போட்டு வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் உனக்கு எழுதினேன், அவருக்குத் தெரியாமல் கூடுகளை அனுப்பினேன், அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். ஒன்றைச் சொன்னால் மூன்றையும் சொல்ல வேண்டும். சொன்னாலும் நம்புவாரா? "எம்மேல இருக்கற காண்டுல பயமுறுத்தறான் உந்தம்பி" என்று வேண்டுமென்றே அதையே எடுத்துக்கொண்டு போவார். அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாதா!

எனக்கு ஒன்றே ஒன்று சொல். கட்டாயம் பிய்ந்துவிடுமா? பிய்யாமலும் போகலாம்தானே? பிய்யாது என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

ராஜமேரி

*

பெங்களூர்
23-2-1983

அக்கா,

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

பட்டறையில் கழித்துப் போட்ட டப்பாவில் அதே ஜாதிப் பட்டைக்கூடு ஒன்று கிடந்தது. ஐந்தாறு தடவை அடைத்துச் சுட்டது. முதலாளி சாப்பிடப் போனபோது அதை நெடுக்கில் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். பட்டைக்கு மேலே உள்பக்கத்தில் சுற்றிலும் பள்ளம். மிச்சம் இருந்த பித்தளை போஸ்ட் கார்டு கனம்தான். மாமாவின் கூடுகள் அதைவிடப் பழசு. அவர் அப்பா காலத்திலிருந்து சுட்டுக்கொண்டிருப்பவை. பத்தில் இரண்டு மூன்றாவது போகும். எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதல் குண்டு சரியாகத்தான் போகும். அதனால்தான் எனக்கு இன்னும் பயம். சுட்டதும் மாமா ரைபிளின் பின்பக்கப் பூட்டை இழுப்பார். கூட்டின் அடிப்பாகம் மட்டும், பட்டையோடு, வெளியே வந்து விழும். மேல்பாகம் குழாய்க்குள்ளேயே சிக்கி நிற்கும். அதைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. இரண்டாவது தோட்டாவைத் தள்ளுவார். உள்ளே போகாது. யானை எதிரில் நிற்கும்.

எனக்கு ஒரு வாரமாக இதுதான் கண்ணில் நிற்கிறது.

சொல்லிவிடு அக்கா. ஞானராஜ்தான் அடைத்தான் என்று சொல். அவர் வந்து என்னை வெட்டினாலும் சரி. அடுத்த திங்கட்கிழமைக்குள் உன் பதில் வரவில்லையென்றால் தந்தி அடித்துவிடுவேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

ஞானராஜ்

*

இண்டூர்
27-2-1983, ஞாயிறு

தம்பி,

ஜீப் வந்துவிட்டது. வாசலில் நிற்கிறது. காலையில் ஏரிக்கரையில் விறகு பொறுக்கப் போன மாதம்மாளை யானை மிதித்துவிட்டது. ரேஞ்சர் உத்தரவுக் காகிதத்தோடு வந்திருக்கிறார். உள்ளே எல்லோரும் களி சாப்பிடுகிறார்கள். நான் அடுப்படியில் முட்டிமேல் காகிதம் வைத்து எழுதுகிறேன். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நீ சொன்னது எல்லாம் மனதில் இருக்கிறது.

சொல்லப் பார்த்தேன். அவர் தோட்டாக்களை இடுப்புப் பையில் போடும்போது கையைப் பிடித்தேன். "கெட்ட கனாக் கண்டனுங்க, இந்தத் தோட்டா வேணாங்க" என்றேன். பாதியைத்தான் சொல்ல வந்தது. அவர் சிரித்துவிட்டார். கரியனைக் கூப்பிட்டு, "கேட்டியா கரியா, எங்கூட்டுக்காரிக்கு யானை கனாவுல வந்துதாம்" என்றார். கரியனும் சிரித்தார். "வந்தா நல்லதுதானுங்கம்மா, அடி பாக்கற வேல மிச்சம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நாசமாய்ப் போகிறவள்.

இப்போது கை கழுவுகிறார்கள். இதோ எழுந்திருக்கிறேன், போய்ச் சொல்லிவிடுகிறேன்.

...

போய்விட்டார்கள். ஜீப்பில் ஏறுமுன் திரும்பிப் பார்த்து "என்ன புள்ள?" என்றார். நான் வாய் திறந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "பாத்துப் போங்க" என்று சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

இதை எதற்குத் தபாலில் போடுகிறேன் என்று தெரியவில்லை. நீ படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

*

பெங்களூர்
28-2-1983

அக்கா,

காத்திருந்தது போதும் என்று இன்று காலை தந்தி அடித்துவிட்டேன். தோட்டாக்களைச் சுட வேண்டாம், அடைத்தது நான், ஞானராஜ். இவ்வளவுதான் வாசகம். பேரைப் போட வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். பேர் இல்லாவிட்டால் நம்பமாட்டார் என்று போட்டுவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கிடைத்ததும் மாமா கையில் கொடு. ஒளிக்காதே. பதில் போடு, ஒரு கார்டாவது போடு.

ஞானராஜ்

*

இண்டூர்
8-3-1983

தம்பி ஞானராஜுக்கு,

உன் மாமா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன். கரியன் செத்துப்போனார்.

போன வாரம் திங்கட்கிழமை காலை, வத்தல்மலை அடிவாரத்தில். புளியந்தோப்புக்குப் பக்கத்து ஓடையில் யானை நின்றதாம். உன் மாமா நாற்பது அடியில் நின்று சுட்டார். குண்டு பட்டது. யானை திரும்பி நேராக வந்தது. பூட்டை இழுத்து அடுத்த தோட்டாவைத் தள்ளினார். போகவில்லை. மறுபடி தள்ளினார். போகவில்லை. நீ எழுதினது எழுதின மாதிரியே நடந்தது. கரியன் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றார். சத்தம் போட்டு யானையைத் தன் பக்கம் திருப்பினார். ஓட இடம் இல்லை.

உன் மாமா ரைபிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். யானை அடுத்த நாள் ஏரிச் சேற்றில் செத்துக் கிடந்தது. முதல் குண்டே நுரையீரலில் இறங்கியிருந்தது என்று மாட்டு டாக்டர் சொன்னார். யாருக்கு வேண்டும் அது இப்போது? ஊரில் ஒரே பேச்சுத்தான். "துப்பாக்கி வெச்சிருந்தவன் ஓடி வந்துட்டான், வெறுங்கையோட போனவன் செத்துட்டான். கை நடுங்கிருச்சு, வயசாச்சில்ல." விசாரணைக்கு ரைபிளைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. யாரும் இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

உன் தந்தி திங்கட்கிழமை மதியம் வந்தது. தந்தி என்றதும் தெருவே கூடிவிட்டது, பெங்களூரில் யார் செத்தார்கள் என்று. நான் வாங்கி மடித்து அரிசிப் பானைக்குள் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து அவர் வந்தார், சட்டையெல்லாம் கரியனைத் தூக்கி வந்த ரத்தத்தோடு.

அவருக்கு எதுவும் தெரியாது. ஊர் சொல்வதைத்தான் அவரும் சொல்கிறார். "எங்கை நடுங்கிருச்சு புள்ள. ரெண்டாவது தோட்டாவ உள்ள தள்ளத் தெரியல. எங்கையி செத்துப் போச்சு." நாள் முழுக்கக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சாப்பாடு இல்லை. நேற்றிலிருந்து கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார். வறண்ட கிணறு, அடியில் முழுக்கப் பாறை. துவைக்கிற சாக்கில் நானும் அங்கேயே நிற்கிறேன். துவைக்கத் தண்ணீர் ஏது? வெறும் துணியை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் கரியன் பெண்டாட்டி கருப்பி வந்தாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பித்தளைத் துண்டை என்னிடம் கொடுத்தாள். "அவுரு விழுந்த எடத்துல கெடந்துதுங்கம்மா. உங்கூட்டுதா பாருங்க" என்றாள். விரல்கணு அளவுதான் இருக்கிறது. அடியில் பட்டை. மேல்பக்கம் சுற்றிலும் கிழிந்த மாதிரி, விரலைக் கீறுகிறது. பளபளவென்று இருக்கிறது. நான் தேய்த்த பளபளப்பு.

இது அதுதானா? நீ சொல்.

ராஜமேரி

*

பெங்களூர்
12-3-1983

அக்கா,

அதேதான்.

உன் கடிதம் வந்த அன்றே ஒரு பதில் எழுதினேன். அந்தத் துண்டைக் கிணற்றில் போட்டுவிடு, யாரிடமும் காட்டாதே, மாமா கொஞ்ச நாளில் தேறிவிடுவார் என்று எழுதினேன். ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டினேன். தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து கிழித்துப் போட்டேன். ஜெயில் என்றால் எனக்கு அவ்வளவு பயம். உன் தம்பி எப்பேர்ப்பட்டவன் என்று நீயும் தெரிந்துகொள்.

இன்னொன்றும் இருக்கிறது. வளையம் தெரியாவிட்டாலும், மருந்து அடைப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு கம்பியின் நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டுத் தடவினால் பள்ளத்தில் தட்டும். பழகின கைக்கு ஒரு கூட்டுக்கு அரை நிமிஷம். அன்று முதலாளி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கண்ணை மட்டும் நம்பினேன். கம்பி பெஞ்சு மேலேயே கிடந்தது. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் உன் புளிமேல் பழியைப் போட்டேன்.

மாமாவிடம் அந்தத் துண்டைக் கொடு. கை நடுங்கினதால் இல்லை என்று சொல். இன்றைக்கே சொல். கிணற்று மேட்டில் அவரைத் தனியாக விடாதே.

ஞானராஜ்

*

இண்டூர்
16-3-1983

தம்பி,

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. அதற்கு முதல் நாளே நான் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு பூசைக்கு அவர் வரவில்லை. நான் கோயில் வாசல் வரை போய், உள்ளே நுழையாமல் திரும்பி ஓடி வந்தேன். கிணற்று மேட்டில் கால்களை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எப்படிப் பேச்சைத் தொடங்கினேன் என்று ஞாபகம் இல்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்தேன். "கூடு பிஞ்சிருச்சுங்க. மேலு பாதி குழாய்க்குள்ளயே நின்னுருச்சு. யாரு தள்ளியிருந்தாலும் போயிருக்காதுங்க" என்றேன்.

அவர் அதைக் கையில் வைத்து உருட்டினார். கிழிந்த விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப எங்கை நடுங்கலையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மறுபடி கேட்டார். இல்லை என்றேன். மூன்றாம் தடவையும் அதையே கேட்டுவிட்டு அழுதார் தம்பி. கல்யாணமான பதினொரு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அம்மா சாவுக்குக்கூட அழவில்லை.

பிறகுதான் "யாரு அடைச்சது?" என்றார். என் தம்பி என்றேன். அரிசிப் பானையிலிருந்து தந்தியை எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். புளியை மட்டும் சொல்லவில்லை. வாயில் வரவில்லை. அதைச் சொன்னால் இந்த வீட்டில் எப்படி இருப்பேன்?

திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார். சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திங்கட்கிழமை வத்தல்மலை ஏறிக் கருப்பி வீட்டுக்குப் போய் அந்தத் துண்டைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "எங்காளு ஒரு பயந்தாங்கொள்ளிய நம்பிப் போவலைன்னு தெரிஞ்சுதே, அது போதுங்க. ஆனா அடைச்சவன் எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும்" என்றாளாம்.

இன்று காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறிவிட்டார். துண்டு அவர் சட்டைப் பையில். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், "போய்ட்டு வந்து சொல்றன்" என்கிறார். அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னை என்ன செய்தாலும் வாங்கிக்கொள். கதவைச் சாத்தாதே தம்பி, எங்கேயும் ஓடிவிடாதே.

ராஜமேரி

*

பெங்களூர்
18-3-1983

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. மாமா முந்தாநாளே வந்துவிட்டார்.

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நான் அரம் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது, நிமிர்ந்தால் மாமா. கையிலிருந்த அரம் கீழே விழுந்துவிட்டது. அவர் துண்டை எடுத்து பெஞ்சுமேல் வைத்து, "காட்டு" என்றார்.

அறுத்து வைத்திருந்த கூட்டைக் காட்டினேன். கம்பியை அவர் கையில் கொடுத்துப் பள்ளத்தைத் தடவச் சொன்னேன். பட்டை எதற்கு, கூடு ஏன் நீளுகிறது, எங்கே மெலிகிறது, எல்லாம் சொன்னேன். என் குரல்தான் நடுங்கியது, அவர் கை நடுங்கவில்லை. கடைசியில் "அந்த வளையத்த நீ பாக்கலையா?" என்று கேட்டார்.

"சரியாப் பாக்கல மாமா. கம்பி உட்டும் பாக்கல" என்றேன்.

கம்பியைக் கீழே வைத்தார். பிறகு, "நானுந்தான் பாக்கல. பத்தையும் வெயில்ல வெச்சு அழகு பாத்தன்" என்றார். தண்ணீர் கேட்டார். பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இரண்டு ராத்திரியாக என் அறையில்தான் படுத்திருக்கிறார். என் வேலை முடிந்தது. முதலாளியிடம் நானே சொல்லிவிட்டேன். இப்போதே போ என்றுவிட்டார். திங்கட்கிழமை மாமாவும் நானும் சேர்ந்து வருகிறோம். முதலில் வத்தல்மலை, கருப்பி வீடு. அங்கிருந்து தர்மபுரி ஸ்டேஷன். ரைபிளைத் திறந்தால் கூட்டின் மேல் பாதி உள்ளேயே இருக்கும். துண்டை அதோடு பொருத்திக் காட்டினால் மாமாவின் பேரில் இருக்கிற சொல் போய்விடும். லைசென்ஸ் போனாலும் போகட்டும் என்கிறார். என்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது அக்கா. மாமா கூட வருவதால் போகிறேன்.

புளியைப் பற்றி மாமாவிடம் நான் சொல்லவில்லை. ஸ்டேஷனிலும் சொல்லமாட்டேன். பார்க்க வேண்டியவன் நான், பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது, அவ்வளவுதான் எழுதிக்கொள்வார்கள். நீயும் வாயைத் திறக்காதே. முந்தின கடிதங்களை நீ எரித்திருக்கமாட்டாய் என்று தெரியும். எல்லாவற்றையும் இதோடு சேர்த்து இன்றைக்கே அடுப்பில் போடு.

ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. கோயில் தண்டுகளை விளக்க உன்னைக் கூப்பிடுவார்கள். உனக்குப் புளியைத் தொடக் கை வராது, தெரியும். ஆனாலும் வழக்கம்போலப் போய் விளக்கு. நீ போகாவிட்டால் ஏன் என்று யாராவது கேட்பார்கள்.

உன் தம்பி
ஞானராஜ்